ஒலிவ் கார்டன் மாதிரி செயின் இத்தாலியன் கடையா, ஊர்ல குடும்பமா நடத்துற சாப்பாட்டுக் கடையா, எது நல்லம்?

முதல்லயே சொல்லிப்போடுறன், இதில நான் நடுநிலை இல்ல. எங்கட அம்மா மட்டக்களப்பு கல்லடியில வீட்டு விறாந்தையிலயே இடியப்பக் கடை நடத்தினவ. சுனாமி வந்து ரெண்டு வருசத்தால தொடங்கினது, 2022ல கேஸ் இல்லாமப் போன நேரம் நிப்பாட்டினது. விறகுல கொஞ்ச நாள் இழுத்துப் பாத்தம், புகைக்கு அம்மாட கண் தாங்கல்ல.

அடுத்த வருசம் அண்ணா எங்க ரெண்டு பேரையும் கொஞ்ச நாளைக்குக் கனடாவில எட்மண்டனுக்கு எடுத்தவர். அங்கதான் ஒலிவ் கார்டனுக்குப் போனம். ஏதோ ஒரு இத்தாலிக் கிழவி தொடங்கின கடை வளந்து இப்படி ஆயிருக்கு எண்டுதான் நான் நினைச்சிருந்தன், மறுகா தேடிப் பாத்தா 1982ல அமெரிக்காவில ஒர்லாண்டோவில ஜெனரல் மில்ஸ் எண்ட மாவுக் கம்பனி தொடங்கினதாம்! சரி அது கிடக்கட்டும். மேசையில இருந்தா சலாட்டும் பிரெட்ஸ்டிக்கும் முடிய முடியக் கொண்டந்து வைக்கிறாங்க, ஓடர் பண்ணின சாப்பாட்டோட அது சும்மா வாறது. ரெண்டாவது கூடை வரக்குள்ள அம்மா பயந்துபோய் என்ட காதுக்குள்ள "மனே, இப்படிக் குடுத்தா இவங்களுக்கு என்னெண்டு கட்டும்?" எண்டு கேக்கிறா. பிறகு கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு அவவே சொன்னா, "ஓ, இது நம்மட சொதி."

சரியாத்தான் சொன்னா. எங்கட கடையில இடியப்பம் எண்ணித்தான் வைப்பம், மீன்துண்டு எண்ணித்தான், ஆனா சொதியும் சம்பலும் எவ்வளவும் கேக்கலாம். வாறவனுக்கு வயிறும் நிறையும் மனசும் நிறையும், நமக்குக் கைக்காசு பெரிசாப் போகாது. மாவும் மலிவுதானே, அவங்கட பாணும் அதே வேலையத்தான் பாக்குது.

சாப்பாடு நல்லாத்தான் இருந்தது, பொய் சொல்ல ஏலாது. அண்ணாட மகளுக்கு எட்மண்டன்ல கிடைக்கிற அதே தட்டு கல்கரிக்குப் போனாலும் கிடைக்கும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போற ஆக்களுக்கு அது பெரிய நிம்மதி. செயின் கடை விக்கிறது அந்த நிம்மதியத்தான்.

ஆனா ஒரு கதை வாசிச்சன், அதுக்குப் பிறகுதான் எனக்கு வித்தியாசம் விளங்கினது. 2014ல, ஒலிவ் கார்டனை ஜெனரல் மில்ஸுக்குப் பிறகு வச்சிருக்கிற டார்டன் எண்ட கம்பனியில பங்கு வாங்கியிருந்த ஸ்டார்போர்ட் எண்ட முதலீட்டுக் கம்பனி கிட்டத்தட்ட 300 பக்கத்தில ஒரு குற்றப்பத்திரிகை மாதிரி வெளியிட்டது. அதில ஒரு குற்றம், ஒலிவ் கார்டன்ல பாஸ்தா அவிக்கிற தண்ணிக்கு உப்புப் போடுறதை விட்டுட்டாங்க எண்டது. ஏனாம்? உப்புப் போடாட்டி பானைக்கு வாரண்டி கூடக் காலம் கிடைக்குமாம்! பாஸ்தா தண்ணி குடிக்கிற நேரம்தான் உப்பு உள்ளுக்க போகும், பிறகு மேல எவ்வளவு சோஸ் ஊத்தியும் உள்ளுக்க சப்பெண்டுதான் இருக்கும். அடுத்த மாசம் பங்குதாரர் வாக்குப் போட்டு டார்டன்ட பழைய இயக்குனர் சபையையே முழுசா மாத்திட்டாங்க. இதை அம்மாட்ட சொன்னன், "உப்பில்லாம இடியப்பத்துக்கு மாக் குழைச்ச மாதிரி, பானை பழுதாகாம இருந்தா என்ன, சாப்பிடுறவனுக்கு என்ன" எண்டு ஏசினா.

எங்கட கடையிலயும் உப்புப் பிழைச்சிருக்கு, ஏன் பிழைக்கல்ல, அப்பாவோட சண்டை பிடிச்ச அண்டைக்கு ரெண்டு தரம் போட்டிருப்பா. ஆனா முதல் ஆளா வாற ஓட்டோக்கார அண்ணன் "அக்கா, இண்டைக்கு உப்புக் கூட" எண்டா தேங்காப்பால் விட்டு அந்த இடத்திலயே சரியாக்கிடுவா. அவருக்கு 300 பக்கம் எழுதத் தேவையில்ல. அதுதான் என்ட பதில்.

குறையும் சொல்லணும். குடும்பக் கடைய நம்பி வந்தா சில நாள் பூட்டிக் கிடக்கும், ஏனெண்டு ஒரு போர்டும் இராது, உள்ள செத்த வீடா கலியாண வீடா எண்டு பக்கத்து வீட்டில கேட்டாத்தான் தெரியும். கடன் கொப்பியில எழுதிட்டுக் காணாமப் போன ஆக்களாலயே பாதிக் கடை படுக்கிறது.

மட்டக்களப்புக்கு வாறீங்களெண்டா மெனுவைத் தேடாதீங்க, "இண்டைக்கு என்ன மீன்" எண்டு மட்டும் கேளுங்க. பன்னெண்டரைக்கே போங்க, ரெண்டு மணிக்குப் போனா பருப்பும் முகத்தைப் பாக்கிறதும்தான். வாவி நண்டு வேணுமெண்டா முதல் நாளே சொல்லி வைக்கணும். வெள்ளிக்கிழமை டவுனுக்குள்ள கனக்க கடையில மரக்கறிதான், காத்தான்குடிப் பக்கம் போறதெண்டா ஜும்மா முடிஞ்ச பிறகு போங்க. கொத்து ராவைக்குத்தான், தகரம் தட்டுற சத்தத்தைப் பிடிச்சுக்கொண்டு போனாலே கடை வந்துரும்.

அம்மா இப்ப பின்னேரத்தில ரோஸ் பாணை வெட்டி மாஜரினும் உள்ளியும் பூசி தாச்சியில போட்டுத் தாறா, சொதியில தொட்டுச் சாப்பிடச் சொல்லி. அவவுக்கு அது "எட்மண்டன் பாண்". நேத்து உள்ளி கூடிட்டுது, சொன்னன், இண்டைக்குக் குறைச்சிருக்கிறா.