மாரடைப்புக்குப் பிறகு மிட்ரல் வால்வு கசிகிறது, நெஞ்சைத் திறக்காமல் கிளிப் போட்டுச் சரிசெய்யலாமா?

பலருக்குச் செய்யலாம். ஆனால் உங்கள் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த பிறகும் கசிவு அதிகம் என்கிறீர்கள், அதனால் அது எந்த வகைக் கசிவு என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள். எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுப்பதுதான் என் வேலை. கிளிப் வேண்டுமா வேண்டாமா என்று கவலைப்படும் குடும்பங்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

மிட்ரல் வால்வு என்பது இதயத்தின் இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவிலுள்ள கதவு. அதன் இரண்டு இதழ்களையும் மெல்லிய நாண்கள் இழுத்துப் பிடித்திருக்கும், அந்த நாண்கள் இதயத்துக்குள் இருக்கும் இரண்டு சிறு தசைகளில் போய் முடியும். மாரடைப்பில் அந்தத் தசையே கிழிந்துபோனால், பெரும்பாலும் முதல் வாரத்துக்குள், திடீரென்று நுரையீரலில் நீர் கோத்து பி.பி. சரிந்துவிடும். அதற்கு வழக்கமான சிகிச்சை அவசர ஆபரேஷன்தான். ஆபரேஷனைத் தாங்கவே மாட்டார் என்ற நிலையில் சிலருக்குக் கிளிப் போட்டிருக்கிறார்கள்.

இதைவிட அதிகம் பார்ப்பது இன்னொரு வகை. இதழ்களில் கோளாறு இருக்காது, அடிபட்ட இடது கீழறை விரிந்துபோய் இதழ்களைக் கீழே இழுப்பதால் அவை ஒன்றோடொன்று சேராது. இங்கே முதல் வைத்தியம் மாத்திரை, அதுவும் உடம்பு தாங்கும் முழு அளவுக்கு ஏற்றி, கொஞ்ச காலம் பொறுத்துப் பார்க்க வேண்டும். அறை சுருங்கினால் கசிவு தானாகவே குறைவதை எத்தனையோ முறை திரையில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அவசரப்படாதீர்கள் என்கிறேன். சிலருக்கு இரண்டு கீழறைகளையும் சேர்த்துத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கரும் உதவும்.

அதற்கப்புறமும் மூச்சு வாங்கினால் கிளிப். தொடைச் சிரை வழியாகக் குழாயை ஏற்றி, மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரைத் துளைத்து, இதழ்களின் நடுப்பகுதியைச் சேர்த்துக் கவ்வ வைக்கிறார்கள், இதயம் அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டே இருக்கும். உணவுக்குழாய்க்குள் விட்ட எக்கோவில் கசிவு குறையவில்லை என்று தெரிந்தால், கிளிப்பை விடுவிக்கும் முன் திறந்து வேறு இடத்தில் பிடிக்கலாம்.

2018இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. 614 பேரிடம் நடந்த கோஆப்ட் ஆய்வில், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் இரண்டு வருடத்துக்குள் இறந்தவர்கள் சுமார் 46%, கிளிப்பும் போட்டவர்களில் 29%. பிரான்சில் நடந்த மித்ரா-எஃப்ஆர் ஆய்விலோ வித்தியாசமே தெரியவில்லை. அதில் இருந்தவர்களுக்கு அறை அதிகம் விரிந்திருந்தது, அந்த அளவுக்குக் கசிவு இல்லை என்பதைப் பலர் காரணமாகச் சொல்கிறார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது, ஏனென்றால் கிளிப் வால்வைத்தான் பிடிக்கும், செத்துப்போன தசையை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

எனவே கசிவின் அளவு, அறையின் அளவு, பம்பிங் சதவீதம் (ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எவ்வளவு வெளியே தள்ளுகிறது என்பது) மூன்றையும் கேட்டு வாங்குங்கள். கிளிப் போட்டாலும் மாத்திரையை நிறுத்தக்கூடாது. நடுவில் அப்பாவால் படுக்கவே முடியாமல் மூச்சு திணறினால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.