இந்தியன் படத்தில் வருவது போல லஞ்சத்தை ஒழிக்க முடியுமா?

இப்படிக் கேட்பவர் ஏதோ ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, மனம் வெறுத்துத் திரும்பியவராகத்தான் இருப்பார் என்று எண்ணுகிறேன். ஆகவே எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

1996 மே மாதம் ஷங்கரின் இந்தியன் வெளிவந்தபோது எனக்கு 14 வயது. குடியாத்தத்தில் அப்பாவோடு பார்த்தேன். தீக்காயம் பட்டு உயிருக்குப் போராடும் மகளோடு வந்த சேனாபதியிடம் மருத்துவர் லஞ்சம் கேட்ட இடத்தில் அரங்கமே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. அந்த மருத்துவரைத் தொலைக்காட்சி நேரலையில் அவர் கொன்றபோது எழுந்த கைதட்டலில் அப்பாவின் கையும் இருந்தது.

வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த 2019ஆம் ஆண்டில் அப்பா காலமானார். அவர் பெயரிலிருந்த நிலத்துக்குப் பட்டா மாற்ற விண்ணப்பித்தேன். வாரிசுச் சான்றிதழ், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் சரியாக இருந்தும் நான்கு மாதம் இழுத்தடித்துவிட்டு அலுவலர் ஒருவர் 8,000 ரூபாய் கேட்டார். லஞ்ச ஒழிப்புப் போலீசாரிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு, பினாப்தலீன் என்ற வேதிப் பொடியைத் தடவி, சாட்சிகளான இரண்டு அரசு ஊழியர்களின் முன்னிலையில் என்னிடம் தந்தார்கள். அவராகக் கேட்டால் மட்டுமே கொடுக்க வேண்டும், நானாக நீட்டக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார்கள். வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்ததும், தண்ணீர் போலிருந்த அது இளஞ்சிவப்பாக மாறியது. அவர் அந்தக் குவளையைப் பார்க்கவில்லை; என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊரில் என்னை யாரும் பாராட்டவில்லை. "பிள்ளைகுட்டிக்காரர் வயிற்றில் அடித்துவிட்டாயே" என்றார்கள். சொந்தச் சித்தப்பாவே, "எட்டாயிரத்தோடு போகவேண்டியதை இவ்வளவு தூரம் இழுத்துவிட்டாயேப்பா" என்று சொல்லிப் பேச்சை நிறுத்திக்கொண்டார். அந்தப் படத்தை எப்போது தொலைக்காட்சியில் போட்டாலும் விடாமல் பார்ப்பவர் அவர்.

கொலையை நான் நியாயப்படுத்துவதாக யாரும் எழுத வேண்டாம். எல்லா ஊழியர்களும் அப்படித்தான் என்றும் நான் சொல்லவில்லை; கை நீட்டாமலே ஓய்வு பெற்றவர்கள் என் உறவிலேயே உண்டு. நான் சொல்வது வேறு. பிரேக் சரியில்லாத பேருந்துக்கு லஞ்சம் வாங்கிக்கொண்டு தகுதிச் சான்று கொடுத்து, பள்ளிக் குழந்தைகள் சாகக் காரணமான மகன் சந்துருவைக் கொல்லச் சேனாபதி புறப்படும்போது, அவனை விட்டுவிடும்படி தாய் அமிர்தவல்லி மன்றாடுகிறாள். முகம் தெரியாதவன் வாங்கினால் கத்தி எடுக்கச் சொல்லும் நாம், தெரிந்தவர் சிக்கினால் அவளைப் போல அழுகிறோம். கத்தி தேவையில்லை, புகார் கொடுப்பவனோடு ஊர் முகம் கொடுத்துப் பேசினாலே பாதி ஒழியும்.

கொடுப்பதும் குற்றம் என்று 2018இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். வற்புறுத்தலால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம். கேட்டவரே, இதை நினைவில் வையுங்கள்.

பட்டா மூன்றே வாரத்தில் என் பெயருக்கு வந்தது. வழக்கு நடக்கிறது. சாட்சி சொல்ல வேலூருக்குப் போகும் நாட்களில், சித்தப்பா வீட்டைத் தாண்டித்தான் நான் பேருந்து ஏற வேண்டும்.