அல்பேனியாவில் விடுமுறை: எங்கே போகலாம், எதை விட்டுவிடலாம்? (கேள்வி பதில்)

அல்பேனியாவுக்கு இதுவரை மூன்று முறை சென்று, மொத்தம் ஏழு வாரங்களுக்குச் சற்று மேலாகத் தங்கியிருக்கிறேன். அந்தப் பயணங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் நண்பர்கள் பலர் அடுக்கடுக்காகக் கேள்விகளை அனுப்பினார்கள். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கி இங்கே விடையளிக்கிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. படங்களில் அடிக்கடி வரும் கடற்கரைகளைக் காட்டிலும் உட்பகுதியிலுள்ள கல் நகரங்களும் வடக்கு மலைகளுமே அந்நாட்டின் உண்மையான சொத்து என்று கருதுபவன் நான்.

கேள்வி: கிரீஸும் இத்தாலியும் பக்கத்திலேயே இருக்கும்போது அல்பேனியாவுக்கு ஏன் போக வேண்டும், ஐயா? அந்த நாட்டின் பெயரையே நம்மில் பலர் கேள்விப்பட்டதில்லையே?

கேள்விப்படாததற்குக் காரணம் அதன் அண்மைக்கால வரலாறு. இரண்டாம் உலகப் போரின் முடிவிலிருந்து 1985இல் தாம் இறக்கும் வரை நாட்டை ஆண்ட கம்யூனிஸ்ட் தலைவர் என்வர் ஹோஜா, முதலில் யுகோஸ்லாவியாவுடனும், பிறகு சோவியத் ஒன்றியத்துடனும், கடைசியில் சீனாவுடனும் உறவை முறித்துக்கொண்டு, நாட்டைக் கதவடைத்த வீடாக வைத்திருந்தார். 1967இல் எல்லா மதங்களும் தடை செய்யப்பட்டன. பொதுமக்கள் சொந்தமாகக் கார் வைத்திருக்க முடியாது; வெளிநாடு செல்லவும் முடியாது. அந்த ஆட்சி முடிந்தபின், 1990களில்தான் வெளியுலகம் உள்ளே வரத் தொடங்கியது.

கேரளத்தை விடச் சிறிய பரப்பு, அதாவது 28,748 சதுர கிலோமீட்டர். 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 24 இலட்சம். இந்தச் சிறிய இடத்துக்குள் கிரேக்க, ரோமானிய இடிபாடுகளும், துருக்கிய ஓட்டோமான் காலத்து நகரங்களும், 2,600 மீட்டரைத் தாண்டும் சிகரங்களும், தெளிந்த கடலும் அடங்கியிருக்கின்றன. செலவும் பக்கத்து நாடுகளை விடக் குறைவு. ஆனால் கடற்கரை ஊர்களில் அந்த வேறுபாடு ஆண்டுக்காண்டு சுருங்கி வருகிறது.

கேள்வி: இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா கிடைப்பது கடினமா?

அல்பேனியா ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்ல உதவும் ஷெங்கன் வட்டத்திலும் இல்லை. ஆனாலும், பலமுறை நுழையும் வசதியுள்ள ஷெங்கன், பிரிட்டன் அல்லது அமெரிக்க விசா செல்லுபடியாக இருந்து, அதை ஒருமுறையாவது பயன்படுத்தியும் இருந்தால், தனி விசா இல்லாமலேயே 90 நாள் வரை தங்க அனுமதிக்கிறார்கள். மற்றவர்கள் இணையவழி விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். விதிகள் மாறக்கூடியவை என்பதால், பயணச்சீட்டு வாங்குமுன் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டுமானதாக இருந்தால், அல்பேனியாவிலிருந்து மீண்டும் இத்தாலிக்கோ கிரீஸுக்கோ திரும்ப முடியாது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: எனக்கு எட்டு நாள்தான் விடுப்பு. பெராத், ஜிரோகாஸ்தர் இரண்டையும் எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே மாதிரிதானே, ஒன்று போதாதா?

இரண்டும் ஒரே யுனெஸ்கோ மரபுச் சின்னத்தின் பகுதிகள். ஜிரோகாஸ்தர் 2005இலும் பெராத் 2008இலும் சேர்க்கப்பட்டன. ஆனால் நேரில் பார்க்கும்போது இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரியது.

பெராத் வெண்மையும் மென்மையுமான ஊர். ஓசும் ஆற்றின் ஒரு கரையில் மங்கலெம், மறுகரையில் கொரிட்சா என்று இரண்டு பழைய குடியிருப்புகள் எதிரெதிரே நிற்கின்றன. சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச்செல்லும் வீடுகளின் சன்னல் வரிசைகளைப் பார்த்துத்தான் இதை ஆயிரம் சன்னல்களின் நகரம் என்கிறார்கள். மேலே உள்ள கோட்டை வெறும் காட்சிப் பொருள் அன்று. இன்றும் உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன, சுவரை ஒட்டித் துணி காய்கிறது, பாட்டிமார் சரிகைப் பின்னல் விரிப்புகளை விற்கிறார்கள். கோட்டைக்குள் இருக்கும் ஒனுஃப்ரி அருங்காட்சியகத்தைத் தவறவிட வேண்டாம். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்த ஓவியர், தம் திருவுருவங்களில் பயன்படுத்திய ஒருவகைச் சிவப்புக்குப் பெயர் பெற்றவர். நான் அங்கே இரண்டு மணி நேரம் நின்றிருந்தேன். உடன் வந்தவர் பத்து நிமிடத்தில் வெளியே சென்று காப்பி குடிக்கப் போய்விட்டார், அதுவும் குற்றமில்லை.

ஜிரோகாஸ்தர் சாம்பல் நிறமும் கடுமையும் கொண்ட ஊர். தரை கல், சுவர் கல், கூரையும் பலகைக் கல். மழை பெய்து ஓய்ந்தபின் நகரம் முழுவதும் மீன் செதில் போல மின்னும். 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை கட்டப்பட்ட கோபுர வீடுகளில் ஸெகாதே வீட்டையும் ஸ்கெந்துலி வீட்டையும் உள்ளே சென்று பார்க்கலாம். கணப்புள்ள விருந்தினர் அறை, கூடத்தில் ஆண்கள் பேசுவதைப் பெண்கள் மேலிருந்து பார்ப்பதற்கான மரத்தட்டி, முற்றுகைக் காலத்துக்கான நீர்த்தொட்டி என்று ஒரு குடும்பத்தின் செல்வமும் அச்சமும் ஒரே கட்டடத்தில் தெரியும். நாட்டை அடைத்து வைத்த என்வர் ஹோஜாவும், அந்நாட்டை உலக இலக்கியத்தில் நிறுத்திய இஸ்மாயில் கதாரேயும் இந்த ஒரே ஊரில் பிறந்தவர்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பே. கோட்டை முகப்பில் 1957இல் அல்பேனியாவில் இறங்கிய அமெரிக்க விமானப்படையின் பயிற்சி விமானம் ஒன்று துருப்பிடித்து நிற்கிறது. உளவு விமானம் என்று அக்காலத்தில் மக்களுக்குக் காட்டினார்களாம்.

எட்டு நாள் என்றால் தலைநகர் டிரானாவில் ஒன்று, பெராத்தில் இரண்டு, ஜிரோகாஸ்தரில் இரண்டு, தென்கடலில் இரண்டு, திரும்புவதற்கு ஒன்று என வகுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்ற நிலை வந்தால், நான் ஜிரோகாஸ்தரைத் தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: க்சமில் கடற்கரையை ஐரோப்பாவின் மாலத்தீவு என்கிறார்கள். அங்கேயே ஒரு வாரம் தங்க நினைக்கிறோம்.

தங்க வேண்டாம் என்பேன். நீர் உண்மையிலேயே பச்சை கலந்த நீலம். எதிரே கிரேக்கத் தீவான கோர்ஃபு தெரியும். நீந்திச் செல்லும் தொலைவில் சிறு தீவுகளும் உண்டு. ஆனால் கடற்கரைத் துண்டுகள் மிகச் சிறியவை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஒவ்வொரு துண்டையும் ஏதாவது ஓர் உணவகம் வளைத்துப்போட்டுக் குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு விட்டிருக்கும். குளியல் துண்டை விரிக்க வெறும் மணல் கிடைப்பதே அரிது. மே இறுதியிலோ செப்டம்பர் நடுவிலோ சென்றால் இதே ஊர் வேறு முகம் காட்டும்.

கடல்தான் வேண்டும் என்றால் ஹிமாரா, தெர்மி பக்கம் போங்கள். தெர்மிக்கு அருகிலுள்ள ஜிபே என்ற கடற்கரையில் ஒரு பள்ளத்தாக்கு நேராகக் கடலில் வந்து முடிகிறது. கடைசி அரைமணி நேரம் நடந்துதான் இறங்க வேண்டும் என்பதே அதைக் காத்து வருகிறது. வடக்கிலிருந்து வரும்போது, 2024இல் திறக்கப்பட்ட லோகரா சுரங்கப்பாதை நேரத்தை மிச்சப்படுத்தும். இருந்தாலும் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறி இறங்கும் பழைய மலைப்பாதையிலேயே ஒருமுறை வாருங்கள். கணவாயைத் தாண்டிய முதல் வளைவில் கடல் முழுவதும் ஒரே நேரத்தில் காலடியில் விரியும்.

கேள்வி: புட்ரிண்ட் இடிபாடுகளுக்கும் நீலக்கண் ஊற்றுக்கும் நேரம் ஒதுக்கலாமா?

புட்ரிண்டுக்குக் கட்டாயம் ஒதுக்குங்கள். க்சமிலிலிருந்து சில கிலோமீட்டர்தான். கிரேக்க அரங்கு, ரோமானியக் குளியலகம், பைசாந்தியத் திருமுழுக்கு மண்டபம், வெனிஸ்காரர்களின் காவல் கோபுரம் எல்லாம் ஏரிக்கரைக் காட்டுக்குள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அரங்கின் தரையில் பெரும்பாலும் நீர் தேங்கி, ஆமைகள் நீந்திக்கொண்டிருக்கும். திருமுழுக்கு மண்டபத்தின் புகழ்பெற்ற கல்பதிப்புத் தரையைப் பாதுகாப்புக்காக மணலால் மூடியே வைத்திருப்பார்கள் என்பதால் ஏமாற்றம் அடைய வேண்டாம். காலை எட்டு, ஒன்பது மணிக்குள் நுழைந்துவிட்டால் கோர்ஃபுவிலிருந்து கப்பலில் வரும் கூட்டத்துக்கு முன்பே பார்த்து முடிக்கலாம்.

நீலக்கண் ஜிரோகாஸ்தரிலிருந்து கடலுக்கு வரும் வழியில்தான் இருக்கிறது, பார்த்துவிட்டு நகருங்கள். குளிக்கத் தடை உண்டு. ஐம்பது மீட்டர் வரை முக்குளித்தவர்களும் அதன் அடியைக் காணவில்லை.

கேள்வி: மலைப்பகுதிக்கு அறுபத்து மூன்று வயதான என் அம்மாவையும் அழைத்துச் செல்லலாமா? நடக்கக்கூடியவர், ஆனால் மலையேறிப் பழக்கமில்லை.

தாராளமாக அழைத்துச் செல்லலாம், கணவாய் நடையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வடக்கிலுள்ள சபிக்கப்பட்ட மலைகள் என்னும் தொடரில் வல்போனா, தெத் என்ற இரண்டு பள்ளத்தாக்குகள் உண்டு. இவற்றுக்கிடையே சுமார் 1,800 மீட்டர் உயரக் கணவாய் வழியாக ஆறு முதல் எட்டு மணி நேரம் நடப்பதுதான் பெயர்பெற்ற பாதை. ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரைதான் அதை நம்பலாம். மற்ற மாதங்களில் பனி கிடக்கும். இறக்கத்தில் சரளைக்கல் வழுக்கும் என்பதால் பழக்கமில்லாதவர்களின் முழங்கால் தாங்காது.

அம்மாவுக்கு உகந்தது கோமன் ஏரிப் படகு. த்ரின் ஆற்றின் குறுக்கே 1980களில் அணை கட்டியதால், குறுகிய மலையிடுக்கு முழுவதும் நீர் நிரம்பி நீண்ட ஏரியாயிற்று. கோமனிலிருந்து ஃபியெர்ஸா வரை இரண்டரை மணி நேரத்துக்கு மேல் படகு செல்லும். பாறைச்சுவர் இருபுறமும் நெருங்கி வந்து, இனி வழியில்லை என்று தோன்றும் இடத்தில் ஒரு திருப்பம் திறக்கும். சுற்றுலாப் பயணிகளுக்கு இது காட்சி; இடையில் துறையே இல்லாத ஒரு பாறையருகில் மாவு மூட்டையுடன் இறங்கி, மேலே தெரியும் ஒற்றை வீட்டை நோக்கி ஏறும் கிழவருக்கு இதுதான் ஊர்ப் பேருந்து. ஃபியெர்ஸாவிலிருந்து வண்டியில் வல்போனா சென்று இரண்டு இரவு தங்கி, அதே வழியில் திரும்பலாம்.

தெத்துக்கு வடக்கு நகரமான ஷ்கோடரிலிருந்து இப்போது தார்ச்சாலை இருக்கிறது. அங்கே ஒரு கல் கோபுரத்தைக் காட்டுவார்கள். மலைக்குடிகளின் மரபுச் சட்டமான கானூன் இரத்தப்பழிக்கு இடமளித்தது; பழிவாங்கலுக்கு அஞ்சிய ஆண்கள் சமரசம் ஏற்படும் வரை அதற்குள் அடைபட்டிருந்தார்கள். அதே சட்டம்தான், வாசலுக்கு வந்த விருந்தினரை உயிரைக் கொடுத்தும் காக்க வேண்டும் என்றும் சொன்னது. விருந்தோம்பலின் அந்த மரபு இன்றும் தங்குமனைகளில் உயிரோடிருக்கிறது.

கேள்வி: டிரானாவைத் தவிர்த்துவிடலாமா? அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்கிறார்கள்.

அழகான நகரம் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் மற்ற ஊர்களில் நீங்கள் பார்க்கப்போவதன் பொருள் இங்கேதான் விளங்கும். வயல், மலை, கடற்கரை என்று எங்கும் காளான் போல முளைத்திருக்கும் கான்கிரீட் பதுங்குகுழிகளை ஹோஜா ஒரு இலட்சத்துக்கு மேல் கட்ட வைத்தார். எதிர்பார்த்த படையெடுப்பு வரவேயில்லை. தலைவர்களுக்கென நகர விளிம்பில் மலையடியில் தோண்டிய பெரும் பதுங்கிடமே இன்றைய பங்க் ஆர்ட் 1 அருங்காட்சியகம். நகர நடுவிலுள்ள பங்க் ஆர்ட் 2 இரகசியக் காவல்துறையின் கதையைச் சொல்கிறது. ஒரு நாளில் ஒன்றைப் பார்த்தால் போதும், மனம் கனத்துவிடும். மாலையில், கட்சித் தலைவர்களைத் தவிர வேறு யாரும் நுழைய முடியாதிருந்த ப்ளோக்கு வட்டாரத்தில் அமர்ந்து காப்பி குடியுங்கள்.

கேள்வி: டிரானா விமான நிலையத்துக்கு அன்னை தெரசாவின் பெயர் இருக்கிறதாமே?

ஆம். அவர் இன்றைய வடக்கு மாசிடோனியாவின் தலைநகரான ஸ்கோப்யேயில் பிறந்த அல்பேனியர். அவருடைய தாயும் தமக்கையும் டிரானாவில் வாழ்ந்து 1970களின் தொடக்கத்தில் இறந்தார்கள். உயிருடன் அவர்களைக் காண ஹோஜா ஆட்சி அவருக்கு இடம் தரவில்லை. 1989இல்தான் அவரால் வர முடிந்தது.

கேள்வி: நாங்கள் சைவ உணவுக்காரர்கள். சமாளிக்க முடியுமா?

பட்டினி கிடக்க மாட்டீர்கள், ஆனால் நான்காம் நாள் சலிப்பு வரும். கீரையோ பாலாடைக்கட்டியோ வைத்த பைரெக் என்னும் அடுக்குப் பணியாரம் எல்லாத் தெருக்களிலும் கிடைக்கும். குடைமிளகாய், தக்காளி, பாலாடைக்கட்டி சேர்த்து மண்சட்டியில் வரும் ஃபெர்கெசெ மிகச் சுவையானது. அதில் ஈரல் சேர்க்கும் வகையும் உண்டு என்பதால் கேட்டுவிட்டு வாங்குங்கள். "பா மிஷ்" என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். ஜிரோகாஸ்தரில் சோற்றைப் புதினாவுடன் உருட்டிப் பொரிக்கும் உருண்டை ஒன்று கிடைக்கும், அதில் முட்டை உண்டு.

கேள்வி: கார் ஓட்டத் தெரியாது. பேருந்தை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் கடிகாரத்தை நம்பக் கூடாது. ஃபுர்கோன் என்னும் சிற்றுந்துகள்தான் நாட்டை இணைக்கின்றன. பலவும் ஆள் நிறைந்தால் கிளம்பும். பெரும்பாலானவை காலையிலேயே போய்விடும் என்பதால், பிற்பகலில் ஊர் மாறும் திட்டம் வேண்டாம்.

கேள்வி: பெண்கள் தனியாகப் பயணம் செய்வது பாதுகாப்பானதா?

என் மருமகள் தனியாகப் பத்து நாள் சுற்றிவிட்டு, சாலையைக் கடப்பதையும் மலையில் ஆட்டு மந்தைக்குக் காவலிருக்கும் நாய்களையும் தவிர வேறெதற்கும் பயப்படவில்லை என்றாள். எனக்கும் அதே கருத்துதான்.

கேள்வி: பணம், மொழி இவற்றில் எச்சரிக்கை ஏதாவது உண்டா?

நாணயம் லெக். 1960களில் பழைய பத்து லெக்கைப் புதிய ஒன்றாக மாற்றினார்கள், ஆனால் பேச்சில் மக்கள் இன்னும் பழைய கணக்கை விடவில்லை. சந்தையில் ஐந்நூறு லெக் தக்காளியை ஐயாயிரம் என்பார்கள். அது ஏமாற்று அன்று; எழுதிக் காட்டச் சொல்லுங்கள், ஒரு பூச்சியம் குறைந்துவிடும். ஊர்ப்புறங்களில் அட்டை செல்லாது.

மொழியில் ஒரே ஒரு சிக்கல். இடவலமாகத் தலையாட்டினால் அவர்களுக்கு ஆம். நமக்கு அது புதிதல்ல. ஆனால் ஆம் என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் "போ". அறை இருக்கிறதா என்று நீங்கள் கேட்டு, தங்குமனை அம்மையார் தலையை ஆட்டியபடி "போ, போ" என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், அறை இருக்கிறது.