பத்தாவது ஆள்

அன்புள்ள ஐயா,

யூதர்கள் தங்கள் சமயச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தால்மூத் நூலை நாளுக்கு ஒரு தாள் வீதம் உலகெங்கும் ஒரே சமயத்தில் படிக்கிறார்கள் என்று அறிந்தேன். நானும் தினமும் படிக்க முயன்று மூன்றாவது வாரத்தில் விட்டுவிட்டேன். அந்த ஒழுங்கு எப்படி வருகிறது? பத்துப் பேர் கூடினால்தான் முழு வழிபாடு என்பதும் எனக்கு ஒப்பவில்லை. கடவுளிடம் பேசத் தலைக்கணக்கு எதற்கு? விவிலியத்தில் மயிலைக் குறிக்கும் ‘துக்கி’ நம் ‘தோகை’தானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தோகையைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். தேடிப் படித்துக்கொள்ளுங்கள்.

நாளொரு தாள் என்ற திட்டத்தை 1923-இல் வியன்னாவில் முன்வைத்தவர் ராபி (யூத மதகுரு) மேயர் ஷாபிரோ. மொத்தம் 2711 தாள்கள், ஏறத்தாழ ஏழரை ஆண்டு. தால்மூதை இருவர் எதிரெதிரே அமர்ந்து, உரக்க வாதிட்டுப் படிப்பதுதான் பழைய வழக்கம். எதிரில் ஒருவர் காத்திருப்பார் என்பதற்காகவே தூக்கத்தை உதறிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நீங்கள் தனியாகப் படித்தீர்கள், மூன்று வாரம் தாங்கியதே பெரிது.

ஆனால் ‘தலைக்கணக்கு’ என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. என் தந்தை இறந்து ஓராண்டு நிறைகிற வாரம் இது. அவர் போன அன்று என் கைபேசிக்கு நூறு செய்திகளுக்கு மேல் வந்தன. வீட்டு வாசலை மிதித்தவர்கள் நான்கு பேர். தலைகளை எண்ணுவது எனக்கு அற்பமாகத் தெரியவில்லை, தம்பி.

எண்பதுகளில் பம்பாயில் நான் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பெரியவர் இருந்தார். ரயில்வேயில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் மராத்தி பேசும் பெனே இஸ்ரேல் யூதர். பம்பாயில் அவர்களுடைய முதல் ஜெப ஆலயம் 1796-இல் எழுந்தது. 1948-க்குப் பிறகு பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட, மிஞ்சியவர்கள் கொஞ்சம் பேர். காலைத் தொழுகை முடிந்து அவர் தேநீர் குடிக்க உட்காரும்போது இடக்கையில் ஏழு சுற்றுத் தடம் சிவந்து கிடக்கும். தொழுகையில் கட்டும் தெபிலின் தோல்வாரின் தடம். “பக்தியெல்லாம் எனக்குக் குறைவுதான். நான் போகாவிட்டால் ஒன்பது பேராகிவிடுவார்கள்” என்பார்.

ஒரு ஜூலை மாதக் காலை, முழங்கால் அளவு வெள்ளம். அவரைக் கைப்பிடித்து நான்தான் அழைத்துப் போனேன். தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு பின்பெஞ்சில் உட்கார்ந்தேன். மனிதர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதை அவர்கள் தவிர்ப்பார்கள். விவிலியத்தின் சங்கீதப் புத்தகத்தில் ‘உமது ஜனத்தை இரட்சித்து’ என்று தொடங்கும் வசனம் எபிரேயத்தில் பத்துச் சொற்கள். ஆளுக்கொரு சொல்லாக அதை முணுமுணுத்துக்கொண்டே வந்த பெரியவர், ஒன்பதாவது சொல்லில் நின்றார்.

முன்வரிசையில் ஓர் இளைஞன். தாயை இழந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. இறந்த பெற்றோருக்காகப் பதினொரு மாதம் கதீஷ் என்ற ஜெபத்தைச் சொல்ல வேண்டும். அதில் சாவைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது, பெரும்பாலும் இறைவனின் புகழ். பத்துப் பேர் இல்லாமல் அதைச் சொல்ல முடியாது. துக்கத்தில் இருப்பவன் புகழ வேண்டும், மற்றவர்கள் ஆமேன் சொல்ல வேண்டும். அந்த அறையில் பத்தாவது உடலாக நான் இருந்தேன். யூதன் அல்லாததால் கணக்கில் நான் சேரமாட்டேன். அவன் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை எப்படி மறப்பேன்?

(பெண்களை எண்ணாத பழைய மரபு எனக்கு உடன்பாடில்லை. இன்று பல சபைகள் எண்ணுகின்றன.)

முக்கால் மணி நேரம் கழித்து, கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். ஏதோ கடையில் வேலை செய்பவர். ஜெபப் புத்தகத்தில் பக்கம் தெரியாமல் தடுமாறினார். பக்கத்திலிருந்தவர் எடுத்துக் கொடுத்தார். அவருக்கு எவ்வளவு நம்பிக்கை என்று யாரும் கேட்கவில்லை. இளைஞன் எழுந்து நின்றான். ஆமேன்களில் பெரியவரின் குரலே உரக்கக் கேட்டது.

திரும்பும் வழியில் பெரியவர் நேரே வீட்டுக்கு வரவில்லை. வெள்ளத்தில் இரண்டு தெரு சுற்றி, அந்தக் கடைக்காரர் குடியிருக்கும் வீட்டைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் வந்தார். மறுநாளும் மழை பெய்யும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள்.