கணவருக்கும் சேர்த்து எழுதப்பட்ட மாத்திரை

கேள்வி: எனக்கு வயது 34. ஆறு மாதத்தில் இரண்டாம் முறையாக அரிப்பும் துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதலும் வந்திருக்கின்றன. இரண்டு முறையும் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணித் தொற்று என்று பரிசோதனையில் தெரிந்து, மருத்துவர் எனக்கும் கணவருக்கும் மெட்ரோனிடசோல் எழுதிக்கொடுத்தார். சென்ற முறை நான் மட்டுமே சாப்பிட்டேன். ‘எனக்குத்தான் ஒன்றுமில்லையே’ என்கிறார் அவர். மாத்திரையைப் பொடித்துக் குழம்பில் கலந்து கொடுத்துவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வேண்டாம், சகோதரி. மெட்ரோனிடசோலின் கசப்பை எந்தக் குழம்பாலும் மறைக்க முடியாது என்பது ஒருபுறம் இருக்க, உங்கள் கணவர் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவராக இருந்தால் அது ஆபத்திலும் முடியலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவருக்குத் தெரியாமல் அவருக்கு மருந்து கொடுப்பது முறையன்று.

ஆனால் உங்கள் மருத்துவர் எழுதியது சரியே. இந்த ஒட்டுண்ணி தொற்றிய ஆண்களில் பெரும்பாலோருக்கு எரிச்சலோ கசிவோ எதுவும் தெரிவதில்லை. ஆகவே ‘ஒன்றுமில்லை’ என்று அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, அதனாலேயே அவரிடம் தொற்று இல்லை என்றும் ஆகாது. நீங்கள் குணமான பிறகும் உடலுறவின் வழியாக அது உங்களிடம் திரும்பியிருக்கக்கூடும். வழக்கமாகப் பெண்களுக்கு 500 மில்லிகிராம் காலையும் இரவும் ஏழு நாள்களும், ஆண்களுக்கு 2 கிராம் ஒரே வேளையாகவும் தரப்படுகிறது. அரிப்பு நின்றதும் நான்காம் நாளே பாதியில் நிறுத்திவிடாதீர்கள். உணவுக்குப் பின் சாப்பிட்டால் குமட்டல் குறையும். வாயில் உலோகச் சுவை வருவதும் சிறுநீர் சற்றுக் கருத்துப்போவதும் மருந்தின் விளைவுகளே. இருவரும் மருந்தை முடித்து, அறிகுறிகள் நீங்கும்வரை உடலுறவைத் தவிர்க்க வேண்டும். மூன்று மாதம் கழித்து நீங்கள் மறுபரிசோதனை செய்துகொள்வது நல்லது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஃப்ளூகோனசோல் இதற்கு உதவாது. அது தயிர்த்திப்பி போன்ற வெள்ளைப்படுதலை உண்டாக்கும் பூஞ்சைத் தொற்றுக்கானது. அந்தத் தொற்றில் கணவருக்குப் பொதுவாக மருந்து தேவைப்படுவதுமில்லை.

இது யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற கேள்வி உங்கள் கடிதத்தின் வரிகளுக்கிடையே தெரிகிறது. பல மாதங்கள் அறிகுறியின்றித் தங்கக்கூடிய தொற்று என்பதால், அதைப் பரிசோதனை அறிக்கை சொல்லாது. கணவரை மருத்துவரிடம் ஒருமுறை உடன் அழைத்துச் செல்லுங்கள்; மனைவி சொல்லிக் கேட்காதவர்கள் மேசைக்கு எதிரே அமர்ந்ததும் கேட்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படியே அரசு மருத்துவமனையிலுள்ள நம்பிக்கை மையத்தில் இருவரும் எச்.ஐ.வி. பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம்.