“கிரேக்கம் படிச்சா சோறு போடுமா?”

வணக்கம் சார்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பையன் பிளஸ் டூ, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், மார்க்கும் நன்றாகவே வருகிறது. இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு நீங்கள் மனசளவில் தயாராகிவிட்ட நேரத்தில், “பண்டைய கிரேக்கம்தான் படிப்பேன்” என்று வந்து நிற்கிறான். மூன்று வாரமாக வீட்டில் அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்வதில்லை. கடிதத்தின் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள்: இது சோறு போடுமா?

அந்தப் பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நம் ஊரில் வேலை தேடினால் கஷ்டம்தான். கிரேக்கம் தெரிந்தவர் தேவை என்று இங்கே யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். அதே சமயம், சாக்ரடீஸ், அலெக்சாண்டர் என்று மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிற பாடமாக இதை நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். இன்றைக்கு அந்தத் துறையில் நடக்கிற வேலை வேறு மாதிரி.

கி.பி. 79-ல் இத்தாலியில் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது, ஹெர்குலேனியம் என்ற ஊரில் ஒரு பணக்கார வீட்டு நூலகமும் புதைந்துபோனது. 18-ஆம் நூற்றாண்டில் தோண்டியபோது நூற்றுக்கணக்கில் பாப்பிரஸ் (ஒரு வகை நாணலில் செய்த பழங்காலத் தாள்) சுருள்கள் கிடைத்தன. பெரும்பாலும் கிரேக்க மொழியில் எழுதியவை. பார்த்தால் அடுப்புக்கரித் துண்டு மாதிரி இருக்கும். விரிக்கப் போனால் உதிர்ந்துவிடும். கெண்டக்கி பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் பேராசிரியர் ப்ரென்ட் சீல்ஸ் குழுவினர், சுருளை விரிக்காமலே துகள்முடுக்கியின் எக்ஸ்ரே கொண்டு ஸ்கேன் எடுத்தார்கள். அங்கேதான் சிக்கல். மையும் கரி, எரிந்த பாப்பிரஸும் கரி. எக்ஸ்ரேக்கு இரண்டும் ஒன்றுதான்.

2023-ல் ஸ்கேன்களைப் பொதுவில் வைத்து, படித்துக் காட்டுபவருக்குப் பரிசு என்று போட்டி அறிவித்தார்கள். மை பட்ட இடத்தில் மட்டும், காய்ந்த குளத்துச் சேறு மாதிரி மெல்லிய வெடிப்பு தெரிவதை ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு லூக் ஃபாரிட்டர் என்ற அமெரிக்க மாணவர், அப்போது வயது 21, ஒரு செயற்கை நுண்ணறிவு மாடலைப் பழக்கினார். அந்த அக்டோபரில் ஒரு முழுச் சொல் வெளியே வந்தது: ‘போர்ஃபுராஸ்’. ஊதா நிறத்தைக் குறிக்கும் சொல். அந்த ஒரு சொல்லுக்குப் பரிசு 40,000 டாலர். அடுத்த பிப்ரவரியில் யூசுஃப் நாதர், ஜூலியன் ஷில்லிகர் இருவரோடு சேர்ந்து இரண்டாயிரம் எழுத்துக்கு மேல் வெளிக்கொண்டுவந்தார். ஏழு லட்சம் டாலர் பெரும்பரிசு மூவருக்கும் போனது. சுருளில் இசை, சாப்பாடு, இன்பம் பற்றிய தத்துவப் பேச்சு இருந்தது. அரிதாகக் கிடைக்கிற பண்டம்தான் அதிக ருசியா என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

பரிசுப் பணத்துக்காக இந்தக் கதையைச் சொல்லவில்லை. மாடல் காட்டியது மைக்கறையை. அங்கங்கே ஓட்டை விழுந்த அந்த வரிகளைக் கூட்டிப் படித்துப் பொருள் சொன்னவர்கள் கிரேக்கத்தில் ஊறிய பாப்பிரஸ் அறிஞர்கள். சிதைந்த கிரேக்கக் கல்வெட்டுகளின் விடுபட்ட எழுத்துகளை நிரப்ப 2022-ல் கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் வெளியிட்ட ‘இத்தாக்கா’ கருவியிலும் இதே கதை: வரலாற்று அறிஞர்கள் தனியாகச் செய்தால் 25 சதவீதம் சரி, கருவி தனியாக 62, இருவரும் சேர்ந்தால் 72. மொழியும் தெரிந்து, கோடிங்கும் தெரிந்தவர்கள் சொற்பம். உங்கள் பையன் படித்துக்கொண்டிருப்பது கம்ப்யூட்டர் குரூப். நீங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று இழுப்பது ஒரே கயிற்றைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி அவனிடம் பேச வேண்டியது. அவனுக்குப் பிடித்திருப்பது கதையா, வேலையா என்று முதலில் தெரிய வேண்டும். இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். பண்டைய ஏதென்ஸ் நகரத்தில் ஒருவர் ரொம்பவும் வளர்ந்துவிட்டார் என்று பட்டால், மக்கள் ஓட்டாஞ்சில்லில் பேரைக் கீறிப் போடுவார்கள். ஆறாயிரம் சேர்ந்தால் பத்து வருஷம் ஊரை விட்டுப் போக வேண்டும். ஓட்டில் போட்ட ஓட்டு! அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு கிணற்றில் 190 சில்லுகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் தெமிஸ்டோக்ளிஸ் என்ற ஏதென்ஸ் தலைவரின் பேர். ஆனால் எழுதிய கை பதினாலுதான். யாரோ மொத்தமாக எழுதி, விநியோகம் பண்ணத் தயாராக வைத்திருந்திருக்கிறார்கள். இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு எழுந்து போனால் அவனுக்குப் பிடித்தது கதை. “எழுதினது பதினாலு பேர்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?” என்று கேட்டால், பிள்ளைக்கு இந்த வேலையின் வாசனை பிடித்துவிட்டது.

இன்னொரு சோதனை மொழி. கிரேக்க எழுத்து மொத்தம் 24. ஆல்ஃபா, பீட்டா, தீட்டா, பை, சிக்மா என்று இயற்பியல் நோட்டில் பாதியை ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கிறான். மீதி ஒரு வாரம். அதற்குப் பிறகு வருகிற வேற்றுமை உருபும் வினைத்திரிபும்தான் ஆளைச் சோதிக்கும். பொதுத்தேர்வு முடிந்ததும் இரண்டு மாதம் தினமும் ஒரு மணி நேரம் தானாக உட்காருகிறானா, பாருங்கள். உட்காரவில்லை என்றால் நாம் பேசவே வேண்டாம், அவனே விட்டுவிடுவான்.

தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இதில் ஒரு தனி இடமும் இருக்கிறது. வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் இருக்கிறது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டு, கிரேக்க மொழி. ஒரு பக்கம் சேர நாட்டுத் துறைமுகமான முசிறியோடு நடந்த வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம், மறுபக்கம் ‘ஹெர்மபொல்லான்’ கப்பலில் வந்த சரக்குக் கணக்கு. மிளகுக்காக யவனர், அதாவது கிரேக்க, ரோமானிய வணிகர், பொன்னோடு வந்த சேதி அகநானூற்றில் இருக்கிறது. எகிப்தின் பெரெனிகே துறைமுகக் கோயிலில் ஏழரைக் கிலோ மிளகு ஒரு இந்தியச் சாடிக்குள்ளேயே கிடைத்தது. இரண்டு பக்கத்து மூலத்தையும் நேரடியாகப் படிக்கக்கூடியவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

படிப்பு விஷயம். ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் பண்டைய கிரேக்கத் தொல்லியல், வரலாறு, இலக்கியம் சேர்ந்த நான்காண்டு இளங்கலை ஆங்கிலத்திலேயே இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்கம் தெரியாதவர்களையும் சேர்த்து, அங்கேயே தொடக்கத்திலிருந்து சொல்லித் தருகிறார்கள். ஆனால் வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து இளங்கலைக்கே வெளிநாடு அனுப்புவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். இங்கேயே கம்ப்யூட்டர் சயின்ஸோ வரலாறோ எடுக்கட்டும், கூடவே கிரேக்கம் ஓடட்டும். டெல்லி ஜே.என்.யூ.வில் கிரேக்கப் படிப்புக்கென்று ஓர் இருக்கை அமைத்திருக்கிறார்கள். காசியில் வாழ்ந்து மறைந்த கலானோஸ் என்ற கிரேக்க அறிஞர் பேரில். இந்த ஆண்டு என்ன வகுப்பு நடக்கிறது என்று போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். தஞ்சை தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்கும் கடல்சார் வரலாற்றுக்கும் துறைகள் உண்டு. முதுகலைக்கு வெளிநாடு, உதவித்தொகை கிடைத்தால். ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கத் தரும் ரோட்ஸ் உதவித்தொகை மாதிரியானவை அந்தக் கட்டத்துக்குத்தான்.

“அதுவும் நடக்கலைன்னா?” என்பீர்கள். யு.பி.எஸ்.சி.யில் தத்துவம், அரசியல் அறிவியல் இரண்டு விருப்பப் பாடத்திலும் பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் இருக்கிறார்கள். கோடிங் கையில் இருந்தால் ஐ.டி. கதவு எப்படியும் மூடாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பல வருஷம் முன்னால் தொல்லியல் கேட்டு வந்த ஒரு பெண்ணை, நானே பேசி பி.காம். சேர வைத்தேன். இன்று வங்கியில் நல்ல சம்பளம். போன தீபாவளிக்குப் பார்த்தபோது, லீவு போட்டு நாலு தடவை கீழடி போய்வந்ததைச் சொன்னாள். எனக்குப் பதில் பேச வாய் வரவில்லை.

பொதுத்தேர்வு முடிகிற வரை இந்தப் பேச்சை வீட்டில் எடுக்காதீர்கள். ஜூன் முதல் வாரம் இரண்டு பேரும் வாருங்கள். அவன் தன் கையால் எழுதிய கிரேக்கப் பயிற்சி நோட்டைக் கொண்டு வரட்டும், நீங்கள் மூன்று வருஷச் செலவுக் கணக்கைக் கொண்டு வாருங்கள்.