அப்பாவின் லென்ஸ், மகனின் வீடியோ கேமரா: நடுவில் எந்த அடாப்டர்?

கேள்வி: அப்பா கும்பகோணத்தில் ஸ்டுடியோ நடத்தியவர். அவருடைய நிக்கான் எஃப்எம்10 கேமராவும் 50 எம்எம், 35–70, 70–210 என மூன்று லென்ஸ்களும் பீரோவில் இருக்கின்றன. காதுகுத்து, வளைகாப்பு, பள்ளி ஆண்டு விழா என்று சிறிய நிகழ்ச்சிகளுக்கு வீடியோ எடுக்கத் தொடங்கலாம் என்றிருக்கிறேன். கையில் 50 ஆயிரம் ரூபாய் இருக்கிறது. கேமரா பாடியை மட்டும் வாங்கி, அடாப்டர் போட்டு இந்த லென்ஸ்களையே வைத்துக்கொண்டால் போதுமா?

பதில்: போதாது. ஆனால் அந்த லென்ஸ்களை விற்றுவிடவும் வேண்டாம்.

சிக்கல் அகலத்தில் இருக்கிறது. அப்பாவின் லென்ஸ்கள் 35 எம்எம் ஃபிலிமுக்குச் செய்யப்பட்டவை. உங்கள் தொகைக்குக் கிடைக்கும் கேமராக்களில் படத்தைப் பதியும் சென்சார் அதைவிடச் சிறியது. எம்எம் எண் கூடக் கூடக் காட்சி குறுகும். ஏபிஎஸ்-சி என்ற அளவுள்ள சென்சாரில் அந்த 50 எம்எம் லென்ஸ் 75 எம்எம் போலவும், அதைவிடச் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 100 எம்எம் போலவும் காட்சியை நெருக்கிக் காட்டும். பத்தடி தள்ளி நின்று எடுத்தால் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் மூன்றரை அடி அகலம்தான் சட்டத்துக்குள் வரும். காது குத்தப்படும் குழந்தை தெரியும். மடியில் வைத்திருக்கும் தாய்மாமன் பாதிதான் தெரிவார். அவர் பாதியாக வந்த வீடியோவுக்கு யார் பணம் தருவார்கள்? உங்களிடம் உள்ளவற்றில் மிக அகலமானது 35–70 லென்ஸின் 35 எம்எம். அதுவும் இதற்கு உதவாது. எந்தச் சாதாரண அடாப்டரும் காட்சியை அகலமாக்காது.

ஆகவே பாடியுடன் வரும் கிட் லென்ஸையும் சேர்த்தே வாங்குங்கள். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 12–60 அல்லது 14–42, சோனியில் 16–50. பார்ப்பதற்குச் சாதுவான பிளாஸ்டிக் லென்ஸ்கள்தான். ஆனாலும் ஆட்டோஃபோகஸோடு அகலமான காட்சி தருபவை. நிகழ்ச்சியின் பெரும்பகுதியை இவைதான் எடுக்கும். அப்பாவின் 50 எம்எம் முகங்களுக்கும் கைகளுக்கும் நகைகளுக்கும். 70–210 பள்ளி விழாவில் கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்து மேடையை எடுக்க. ஆனால் முக்காலி இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

கேமராவில் என் முதல் பரிந்துரை, பயன்படுத்திய பானசோனிக் ஜி85. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகை. 2016இல் வந்த மாடல். 4கே எடுக்கும், வெளி மைக் செருக இடம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கை நடுக்கத்தைச் சமன்படுத்தும் ஏற்பாடு பாடியிலேயே இருக்கிறது. அப்பாவின் லென்ஸ் எதிலும் அந்த வசதி கிடையாது என்பதால் உங்களுக்கு இதுவே பெரிய லாபம். லென்ஸ் எத்தனை எம்எம் என்பதை மட்டும் மெனுவில் கையால் கொடுக்க வேண்டும். 50ஐக் கழற்றி 70–210ஐ மாட்டும்போது எண்ணையும் மாற்ற வேண்டும். ஜி85இன் குறை, ஹெட்ஃபோன் செருக இடமில்லாதது. சோனி இசட்வி-ஈ10இல் அது உண்டு, ஆட்டோஃபோகஸும் மேல். ஆனால் பாடியில் நடுக்கத் தடுப்பு இல்லை. சோனி ஏ6300உம் மலிவாகக் கிடைக்கும். 4கேயில் நீண்ட நேரம் ஓடினால் சூடேறி நின்றுவிடும் பெயர் அதற்கு உண்டு. நம் ஊர் சித்திரை வெயிலில் அதை நம்பி முகூர்த்தம் எடுக்க நான் துணிய மாட்டேன்.

இனி அடாப்டர். கேமராவில் லென்ஸ் பொருந்தும் வாய்தான் மவுண்ட். அப்பாவுடையது போன்ற நிக்கான் எஃப் மவுண்ட் லென்ஸ் ஃபிலிமிலிருந்து 46.5 எம்எம் தள்ளி நிற்கும்படி அமைக்கப்பட்டது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் அந்தத் தூரம் 19.25 எம்எம், சோனி ஈ மவுண்டில் 18 எம்எம். நடுவில் உள்ள இடைவெளியை நிரப்பும் உலோக வளையம்தான் அடாப்டர். அதற்குள் கண்ணாடி எதுவும் இல்லை. அதனால் விலை உயர்ந்த அடாப்டர் படத்தைத் தெளிவாக்கும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். அதிக விலைக்குக் கிடைப்பது ஆட்டமில்லாத பொருத்தம் மட்டுமே. மூன்று லென்ஸுக்கும் ஒரே மவுண்ட் என்பதால் ஒரே அடாப்டர் போதும். வாங்கியதும் லென்ஸை மாட்டி இடம் வலமாக லேசாகத் திருகிப் பாருங்கள். ஆடினால் திருப்பிக் கொடுங்கள். பிறகு தூரத்துக் கோபுரம் ஒன்றை ஃபோகஸ் செய்யுங்கள். கடைசிவரை திருப்பியும் கலசம் தெளியவில்லை என்றால் வளையம் தடிமனாகிவிட்டது என்று பொருள். அதுவும் திரும்பிப் போக வேண்டியதுதான்.

0.71 மடங்கு சுருக்கும் கண்ணாடி வைத்த அடாப்டர்களும் இருக்கின்றன. 2013இல் மெட்டாபோன்ஸ் கொண்டுவந்த ஸ்பீட் பூஸ்டர்தான் இதைப் பரவலாக்கியது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 100 எம்எம் போலிருந்த காட்சி 71 எம்எம் அளவுக்கு விரியும், வெளிச்சமும் ஒரு ஸ்டாப் கூடும், அதாவது இரு மடங்காகும். நல்ல பொருள்தான். ஆனால் மலிவான நகல்களில் ஓரங்கள் குழைந்துவிடும். மெட்டாபோன்ஸின் விலைக்கோ ஒரு நல்ல மைக்கும் முக்காலியும் வாங்கிவிடலாம். இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

அடாப்டருக்குப் பணம் கொடுக்கும் முன் லென்ஸ்களின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பீரோவில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவற்றில் பூஞ்சை பிடித்திருக்கலாம். ஓரத்தில் மெல்லிய இழை ஒன்றிரண்டு இருந்தால் பாதகமில்லை. நடுவில் வலைபோலப் பரவியிருந்தால், சுத்தம் செய்யும் கூலி லென்ஸின் விலையைத் தாண்டிவிடக்கூடும்.

கேமராவும் கிட் லென்ஸும் சேர்ந்து 35 ஆயிரத்தைத் தாண்ட விடாதீர்கள். மீதியில் முதலில் மைக், அடுத்து முக்காலி, கூடுதல் பேட்டரி, கார்டு. கார்டில் எழுதும் வேகத்தைக் காட்டும் வி30 என்ற குறி இருக்கட்டும். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். 64 ஜிபி கார்டு ஒன்றே கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். ஷட்டர் வேகத்தை 1/50 விநாடியில் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/60 வைத்தால் மண்டபத்து விளக்குகள் வீடியோவில் துடிக்கும்.

கேள்வி: என்னிடம் கேனான் ஈஎஃப் லென்ஸ் இருக்கிறது. சில நூறு ரூபாய் அடாப்டர் வாங்கி வேறு நிறுவன கேமராவில் மாட்டினேன். படம் வருகிறது, ஆனால் வெளிச்சம் நுழையும் துளையான அபர்ச்சர் மாறவே இல்லை. அடாப்டர் பழுதா?

பதில்: பழுதில்லை. ஈஎஃப் லென்ஸில் அபர்ச்சர் வளையம் கிடையாது. கேமரா மின்சாரம் வழியாகச் சொன்னால்தான் அது மூடும். உங்கள் அடாப்டரில் மின்தொடர்பு இல்லாததால் லென்ஸ் முழுதாகத் திறந்தபடியே நிற்கிறது. மின்தொடர்புள்ள அடாப்டர் வேண்டும், அது பல மடங்கு விலை. அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. லென்ஸைக் கேனான் பாடியில் மாட்டி, வேண்டிய அபர்ச்சரை வைத்து, டெப்த் ஆஃப் ஃபீல்டு பிரிவியூ பொத்தானை அழுத்திய நிலையிலேயே லென்ஸைக் கழற்றினால் அந்த அளவிலேயே நின்றுவிடும். அழகான வேலை அல்ல, ஆனால் நடக்கும். நிக்கானில் ‘ஜி’ வகை லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் வளையம் இல்லை. அபர்ச்சர் வளையம் வைத்தே செய்த அடாப்டர்கள் அவற்றுக்குத் தனியாகக் கிடைக்கின்றன.

கேள்வி: பழைய ஹேண்டிகேமின் முன்னால் திருகி மாட்டும் ‘வைடு லென்ஸ் அடாப்டர்’ வாங்கினால் படம் சினிமாபோல வருமா?

பதில்: வராது. காட்சி சற்று அகலமாகும், ஓரங்கள் மங்கும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெளிறிப்போகும். வாங்க வேண்டாம்.

கேள்வி: கேமராவைப் பில் இல்லாமல் வாங்கினால் ஆறாயிரம் குறைவு என்றார்கள். பில்லோடுதான் வாங்கினேன். பத்தாவது நாளே ஷட்டர் சிக்கிக்கொண்டது. ‘தொழிலுக்கு வாங்கியிருக்கிறீர்கள், நீங்கள் நுகர்வோரே அல்ல, விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை’ என்கிறார் கடைக்காரர். சரியா?

பதில்: இரண்டுமே தவறு. வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் அல்ல என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் ஒருவர் வாங்கித் தாமே பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று அதே பிரிவு விளக்குகிறது. நீங்களே கேமரா பிடித்து வேலை செய்கிறீர்கள் என்றால் நீங்கள் நுகர்வோர்தான்.

அடுத்தது, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாட்களுக்குள் திரும்பப் பெற்றாக வேண்டும். மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது சட்டம். பில் தராமல் விற்பதும் அந்தப் பட்டியலில்தான் வருகிறது. ஆறாயிரத்துக்கு மயங்காதது நல்லதாயிற்று. அந்தத் தாள் இல்லையென்றால் இன்று கடைக்காரர் ‘உங்களை யாரென்றே தெரியாது’ என்றிருப்பார்.

குறையைத் தேதியோடு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஷட்டர் சிக்குவதைக் கைபேசியில் வீடியோவும் எடுத்து வையுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. அதற்கு முன், கேமராவை வெளியே எந்த மெக்கானிக்கிடமும் திறக்கக் கொடுத்துவிடாதீர்கள். ‘நீங்கள்தான் கெடுத்தீர்கள்’ என்று சொல்லக் கடைக்காரருக்கு அந்த ஒரு திருகாணித் தடயமே போதும்.